3 வெற்றி, 14 தோல்வி, ஒரு சிலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நாம் பார்க்கிற ஃபுட்பால் இல்லை. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் அணைத்தபடி ஓடுவதற்கு அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது. (காலால் உதைப்பது எப்போதாவதுதான். அப்புறம் ஏன் அந்தப் பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

இந்த ஆட்டத்தில் உனக்குப் பிடித்த ஆள் யார் என்று கேட்டால் டாம் பிரேடி, பிரெட் ஃபார்வ் என்று பெரிய பெயராகச் சொல்வேன் என்று நினைப்பீர்கள். இல்லை. என் ஆள் டக் பீடர்சன். குவார்ட்டர்பேக்காக அவர் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய போட்டிகள் மொத்தம் 17. ஜெயித்தது 3, தோற்றது 14. இதே மனிதர்தான் 2018 பிப்ரவரி 4 அன்று பயிற்சியாளராக சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கினார்.

பி.காம் படிக்கிறவனுக்கு இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் தூக்கம் வராது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாத மாதிரி இருக்கும். 3-14 என்ற ஆளுக்குள் சூப்பர் பௌல் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறினால் மறுபடி நான்கு. மூன்று வாய்ப்பும் போய்விட்டால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொள்வார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, கூடவே ஒரு போனஸ் புள்ளி. இதையெல்லாம் களத்தில் நின்று நடத்துகிறவர்தான் குவார்ட்டர்பேக். அணிக்கு ஒருவர். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள், இந்த இடத்தில் அப்படிச் செய்வதில்லை. முதல் ஆளுக்கு அடிபட்டால்தான் இரண்டாவது ஆளுக்கு வேலை. நம்ம பாஷையில் ஸ்டெப்னி.

பீடர்சன் அந்த ஸ்டெப்னி. அதுவும் சில வருடங்கள் ஸ்டெப்னிக்கு ஸ்டெப்னி.

பிறந்தது 1968இல், வாஷிங்டன் மாநிலத்தில். கல்லூரி ஆட்டம் லூசியானாவில். 1991இல் என்.எஃப்.எல். டிராஃப்ட் நடந்தது. டிராஃப்ட் என்றால் ஒரு மாதிரி கேம்பஸ் இன்டர்வியூ, ஒவ்வொரு அணியும் வரிசையாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும். அந்த வருடம் 12 சுற்று நடந்தது. 12 சுற்றிலும் பீடர்சன் பெயரை யாரும் கூப்பிடவில்லை. டிராஃப்டில் வராதவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. அப்படித்தான் மயாமி டால்ஃபின்ஸ் அவரைச் சேர்த்தது. பிறகு நீக்கியது, மறுபடி கூப்பிட்டது. நடுவில் 1992இல் வேர்ல்ட் லீக் என்ற இன்னொரு லீகில் போய் ஆடிவிட்டு வந்தார்.

1993இல் மயாமியின் குவார்ட்டர்பேக் டான் மரினோ. பெரிய கை. அக்டோபரில் அவருக்குக் குதிகால் தசைநாண் கிழிந்தது. அடுத்த ஆள் ஸ்காட் மிட்செல் வந்தார். நவம்பர் 14 அன்று ஃபிலடெல்ஃபியாவின் வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தில் போட்டி. அதில் மிட்செலுக்கும் தோளில் அடி. மூன்றாவது ஆளான பீடர்சன் உள்ளே போனார். 19-14 என்று மயாமி ஜெயித்தது. அன்றைக்குத்தான் பயிற்சியாளர் டான் ஷூலா தன் 325ஆவது வெற்றியைப் பெற்று, ஜார்ஜ் ஹாலஸின் 324 என்ற சாதனையைத் தாண்டினார். சரித்திர வெற்றியை முடித்துக்கொடுத்தது, டிராஃப்டில் யாருக்கும் வேண்டாத ஒரு மூன்றாம் ஆள். மறுநாள் பேப்பரில் யார் படம் வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் கிரீன் பே பேக்கர்ஸ். அங்கே முதல் ஆள் பிரெட் ஃபார்வ். ஃபார்வ் யாரென்றால், 1992 முதல் 2010 வரை தொடர்ச்சியாக 297 போட்டிகளில் முதல் ஆளாக இறங்கியவர். காய்ச்சல், கை உடைவு எதுவும் அவரை உட்கார வைக்கவில்லை. அவருக்கு ஸ்டெப்னியாக இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சரே ஆகாத வண்டி! இரண்டு தடவையாகப் பல வருடங்கள் அந்த அணியில் இருந்தும் பீடர்சன் அங்கே ஒரு போட்டியில்கூட முதல் ஆளாக இறங்கவில்லை. 1997 ஜனவரியில் பேக்கர்ஸ், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 35-21 என்று வீழ்த்தி சூப்பர் பௌல் ஜெயித்தபோது அவரும் அணியில் இருந்தார். மோதிரமும் கிடைத்தது. ஆனால் அது பெஞ்சில் இருந்து வாங்கிய மோதிரம்.

பெஞ்சில் இருப்பவர் சும்மா இருப்பதில்லை என்பதுதான் இங்கே விஷயம். வாரம் முழுக்கப் பயிற்சியில் அவர்தான் எதிரணியின் குவார்ட்டர்பேக் மாதிரி நடித்து ஆட வேண்டும், அப்போதுதான் சொந்த அணியின் தடுப்பாட்டக்காரர்கள் பழக முடியும். முதல் ஆளோடு உட்கார்ந்து வீடியோ பார்க்க வேண்டும். போட்டி நாளில் ஓரத்தில் நின்று, எதிரணி என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். உதைக்கிறவருக்குப் பந்தைத் தரையில் பிடித்துக்கொடுக்கும் வேலைகூட பீடர்சன் செய்திருக்கிறார். ஆட்டம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. யோசித்துப் பார்த்தால், இதற்குப் பெயர்தானே பயிற்சியாளர் வேலை?

பேக்கர்ஸில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ஆண்டி ரீட். 1999இல் ரீட் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனபோது பீடர்சனையும் கூட்டிக்கொண்டு போனார். முதல் தடவையாக முதல் ஆள்! ஆனால் அதே வருடம் டிராஃப்டில் இரண்டாவது ஆளாக டோனவன் மெக்நாப்பை ஈகிள்ஸ் எடுத்திருந்தது. எதிர்காலம் மெக்நாப். அவர் தயாராகும் வரை இடத்தைக் காப்பவர் பீடர்சன். ஃபிலடெல்ஃபியா ரசிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை: கருணையே கிடையாது. ஒன்பது போட்டியில் இரண்டுதான் வெற்றி. சொந்த மைதானத்திலேயே கூச்சல் போட்டு விரட்டினார்கள். நவம்பர் 14 அன்று மெக்நாப் முதல் ஆளாக இறங்க, பீடர்சன் பெஞ்சுக்குத் திரும்பினார். தேதியைக் கவனித்தீர்களா? சரியாக ஆறு வருடம் முன்பு அதே நவம்பர் 14, அதே வெட்டரன்ஸ் ஸ்டேடியம். கதையில் எழுதினால் "ஓவர்" என்பார்கள்.

2000இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ். எட்டுப் போட்டி, ஒரு வெற்றி. ஆக 3-14. பிறகு மறுபடி கிரீன் பே, மறுபடி ஃபார்வ், மறுபடி பெஞ்ச். 2004இல் ஒரு போட்டியில் ஃபார்வுக்குத் தலையில் அடிபட்டு, பீடர்சன் உள்ளே வந்தார். வந்தவருக்கும் அடி. அத்தோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

இந்த இடத்தில் கணக்கை மூடினால் என்ன வரும்? வருமானம் வந்தது, சரி. சாதனை என்ற தலைப்பில் எழுத எதுவுமில்லை.

கணக்குப் பதிவியலில் ஒரு விதி நம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். கடைக்குத் தானாகச் சேரும் குட்வில்லை, அதாவது நற்பெயரை, பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக் கூடாது. நாற்பது வருடம் நேர்மையாகக் கடை நடத்தி ஊரெல்லாம் நம்பிக்கை சம்பாதித்திருந்தாலும் அதற்கு மதிப்பு எழுத அனுமதி கிடையாது. வேறொருவர் வந்து அந்தக் கடையை விலை கொடுத்து வாங்கும்போதுதான், சொத்தின் மதிப்புக்கு மேல் அவர் கொடுத்த தொகை, வாங்கியவரின் புத்தகத்தில் குட்வில் என்று ஏறும். சொத்து இருக்கிறது. கணக்கில் இல்லை. இன்னொருவர் வாங்கும் வரை அது கணக்கில் வராது. மனப்பாடம் செய்து எழுதிய விதிதான். பீடர்சனைப் படித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

ஓய்வு பெற்றதும் அவர் செய்தது என்ன? டி.வி.யில் பேசப் போகவில்லை. 2005இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரத்தில், கால்வரி பாப்டிஸ்ட் அகாடமி என்ற பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சூப்பர் பௌல் மோதிரம் போட்ட கை, பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது. நான்கு சீசன். 2009இல் ஆண்டி ரீட் மறுபடி கூப்பிட்டார். எந்த வேலைக்கு? குவாலிட்டி கன்ட்ரோல் கோச். பெயர்தான் பெருசு. பயிற்சியாளர் வரிசையில் அடிமட்டம், வீடியோவை வெட்டி ஒட்டி அறிக்கை தயாரிக்கிற வேலை. நம்மில் சிலர் ஆர்ட்டிகிள்ஷிப்பில் நாள் முழுக்க வவுச்சரில் டிக் அடிக்கப் போகிறோமே, அதே ஜாதி வேலை. அவருக்கு வயது 41. தன்னை விரட்டிய அதே ஊரில்.

அங்கிருந்து படிப்படியாக ஏறினார். 2011இல் குவார்ட்டர்பேக்குகளுக்கான பயிற்சியாளர். 2012 டிராஃப்டில் ஈகிள்ஸ் எடுத்த நிக் ஃபோல்ஸ் என்ற பையன் அவரிடம்தான் வந்து சேர்ந்தான். (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) அந்த சீசனோடு ரீட்டை ஈகிள்ஸ் நீக்க, அவரோடு கான்சஸ் சிட்டி போனார். மூன்று வருடம் கழித்து, 2016 ஜனவரியில், ஈகிள்ஸ் அவரையே தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது.

யாரும் கைதட்டவில்லை. முதல் வருடம் 7 வெற்றி, 9 தோல்வி. 2017 சீசன் தொடங்கும் நேரத்தில், பல அணிகளில் நிர்வாகியாக இருந்த மைக்கேல் லொம்பார்டி, முப்பது வருடத்துக்கு மேலான தன் அனுபவத்தில் இவ்வளவு தகுதி குறைந்த பயிற்சியாளரைப் பார்த்ததில்லை என்கிற மாதிரி சொன்னார். பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. 3-14, பள்ளிக்கூடம், வீடியோ வேலை, 7-9. வேறென்ன தெரியும்?

அந்த சீசனில் ஈகிள்ஸ் பறந்தது. கார்சன் வென்ட்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக் கலக்கினார். டிசம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. சீசன் முடிந்தது என்றார்கள். ஸ்டெப்னியை மாட்ட வேண்டிய நேரம். அந்த ஸ்டெப்னி யார் தெரியுமா? நிக் ஃபோல்ஸ். நடுவில் ஊர் சுற்றி, ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்துவிட்டு, அந்த வருடம்தான் ஈகிள்ஸுக்குத் திரும்பி வந்திருந்தார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மாற்று ஆள் உள்ளே வந்தால் பயிற்சியாளர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, முதல் ஆளுக்காகப் போட்ட திட்டத்தையே இவர் தலையில் கட்டுவார்கள். இல்லை, இவரால் ஒன்றும் முடியாது என்று எல்லாவற்றையும் சுருக்கிக்கொள்வார்கள். பீடர்சன் இரண்டையும் செய்யவில்லை. ஃபோல்ஸ் 2013இல் ஈகிள்ஸுக்காகப் பிரமாதமாக ஆடியிருந்தார், 27 டச்டவுன் பாஸ், எதிரணியிடம் பறிகொடுத்தது இரண்டே இரண்டு. அந்தப் பழைய வீடியோக்களை எடுத்துப்போட்டு, இவனுக்கு எது கைவந்தது, எதில் இவன் சந்தோஷமாக ஆடினான் என்று பார்த்து, அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றி எழுதினார்கள். சீசனின் கடைசியில் ஃபோல்ஸ் சொதப்பியபோதும் (டல்லஸிடம் 6-0 தோல்வி) அவர் மேல் நம்பிக்கையை விடவில்லை. பஞ்சர் ஆனபோது மாட்டப்படும் சக்கரத்துக்கு என்ன தேவை என்று இன்னொரு சக்கரத்துக்குத்தானே தெரியும்?

பிளே-ஆஃபில் அட்லாண்டாவை 15-10, மினசோட்டாவை 38-7. இறுதிப் போட்டியில் எதிரே பேட்ரியட்ஸ், டாம் பிரேடி.

முதல் பாதி முடிய 38 விநாடி. ஈகிள்ஸ் 15-12 என்று முன்னிலை. நான்காவது வாய்ப்பு, எல்லைக்கு ஒரு கஜம். உதைத்தால் கிட்டத்தட்ட உறுதியாக 3 புள்ளி. ஓடிப் பார்த்தால் 7, இல்லையேல் பூஜ்யம். நம்ம எக்ஸ்பெக்டட் வேல்யூ கணக்கைப் போடுங்கள். 3ஐ 7ஆல் வகுத்தால் சுமார் 43 சதவீதம். அதற்கு மேல் வெற்றி வாய்ப்பு இருந்தால் உதைப்பதைவிட ஆடுவதே லாபம். கணக்கு சுலபம். பத்துக் கோடிப் பேர் பார்க்கும்போது அதை நம்புவதுதான் கஷ்டம். இந்த மாதிரி கணக்கைப் போட்டு ஹெட்செட்டில் சொல்ல ஈகிள்ஸில் ஆள் இருந்தார்கள். பீடர்சன் அதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்.

ஃபோல்ஸ் ஓரத்துக்கு நடந்து வந்து, அந்தத் தந்திர ஆட்டத்தை ஆடலாமா என்று கேட்டார். பீடர்சன் ஒரு விநாடி யோசித்துவிட்டுச் சரி என்றார். பந்து ஃபோல்ஸிடம் வரவில்லை. நேராக கோரி கிளெமென்ட்டிடம் போனது. அவர் ட்ரே பர்ட்டனிடம் தட்டிவிட்டார். பர்ட்டன் எறிந்தார். யாரும் கவனிக்காமல் எல்லைக்குள் நழுவியிருந்த ஃபோல்ஸ் பிடித்தார். 22-12 ஆனது. (அதே போட்டியில் அதே மாதிரி பிரேடிக்கு எறிந்த பந்தை அவர் நழுவவிட்டிருந்தார். ஹூம்.) 'ஃபில்லி ஸ்பெஷல்' என்று பெயர்.

இப்போது அந்த ஆட்டத்தில் பங்கெடுத்தவர்களைப் பாருங்கள். கிளெமென்ட், டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். பர்ட்டன், டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். ஃபோல்ஸ், மாற்று ஆள். சரி என்று சொன்ன பீடர்சன், 12 சுற்றிலும் பெயர் வராதவர். புல்லரித்தது எனக்கு.

இரண்டாம் பாதியில் இன்னொன்று. ஐந்தரை நிமிடம்தான் பாக்கி, ஈகிள்ஸ் 32-33 என்று பின்னால். சொந்தப் பாதியில் நான்காவது வாய்ப்பு. தவறினால் ஆட்டம் போச்சு. மறுபடி உதைக்கவில்லை, ஆடினார்கள், கடந்தார்கள். கடைசியில் 41-33. ஃபோல்ஸ் ஆட்டநாயகன். ஆட்டக்காரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் சூப்பர் பௌல் ஜெயித்த நான்காவது மனிதர் ஆனார் பீடர்சன். முதல் மூவர் டாம் ஃப்ளோரஸ், மைக் டிட்கா, டோனி டங்கி. இதில் ஃப்ளோரஸும் ஆட்டக்காரராக ஜெயித்தது மாற்று குவார்ட்டர்பேக்காகத்தான். நாலில் ரெண்டு!

இங்கேயே முடித்தால் நல்ல சினிமா. ஆனால் பாக்கிக் கதையையும் சொல்லாவிட்டால் அது கணக்கை மறைப்பது.

குட்வில்லும் தேயும். 2018, 2019 இரண்டு வருடமும் 9-7. 2020இல் 4 வெற்றி, 11 தோல்வி, ஒரு டிரா. அந்த வருடக் கடைசிப் போட்டியில், வெறும் மூன்று புள்ளி பின்தங்கியிருக்கும்போது ஜேலன் ஹர்ட்ஸை வெளியே எடுத்துவிட்டு மூன்றாவது குவார்ட்டர்பேக்கை இறக்கினார். வேண்டுமென்றே தோற்றார் என்று நாடே திட்டியது. அதில் எனக்கும் உடன்பாடில்லை. சில நாளில் வேலை போனது. கோப்பை தூக்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. 2022இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் கூப்பிட்டது. முந்தைய வருடம் மூன்றே போட்டி ஜெயித்த அணி 9-8 ஆனது. 2023 ஜனவரியில் சார்ஜர்ஸுக்கு எதிராக 0-27 என்று கிடந்து, 31-30 என்று ஜெயித்தது. அதிலும் ஒரு துணிச்சல் கணக்கு உண்டு, போனஸாக ஒரு புள்ளி எடுக்காமல் இரண்டுக்கு முயன்றார். அந்த இரண்டு வந்ததால்தான் கடைசி உதையின் 3 புள்ளி வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. 2024 சீசனில் 4-13. 2025 ஜனவரியில் அங்கேயும் வேலை போனது.

ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் ஒழுங்காகப் படித்தவன் யாராவது உடனே கேட்பான்: "மச்சி, பெஞ்சில் உட்கார்ந்த ஆயிரம் பேரில் ஒருத்தன் ஜெயித்தான், மீதிப் பேர் எங்கே?" நியாயமான கேள்வி. காத்திருந்தால் கோப்பை வரும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு வராது. வென்ட்ஸுக்கு முழங்கால் போகாவிட்டால் கதையே வேறு. நான் சொல்வது சின்ன விஷயம். கணக்கில் ஏறாத வருடங்கள் எல்லாம் காலியான வருடங்கள் இல்லை. வீடியோ பார்த்த மணிநேரங்கள், மற்றவருக்காகப் பந்து பிடித்துக்கொடுத்த நாட்கள், கூச்சலைக் கேட்டுக்கொண்டே நின்ற ஒன்பது போட்டிகள், இவற்றுக்கு மதிப்பு எழுத எந்த விதியும் இல்லை. அதனால் அவை இல்லை என்று ஆகிவிடாது. அதே போல, கோப்பை வந்ததால் அதற்குப் பிறகு வந்த 4-11-1 அழிந்துவிடவும் இல்லை. இரண்டும் ஒரே ஆளின் புத்தகத்தில் இருக்கின்றன.

இந்த வருடம் கடைசி செமஸ்டர். லிஸ்டில் பெயர் வராதவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. பேலன்ஸ் ஷீட் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று மூன்று வருடம் படித்திருக்கிறோம். நம்மைப் பற்றி நாமே ஒரு பேலன்ஸ் ஷீட் போடும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு தகவல். பீடர்சனைக் கூச்சலிட்டு விரட்டிய வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தை 2004இல் இடித்துவிட்டார்கள், அந்த இடம் கார் நிறுத்துமிடம் ஆகிவிட்டது. ஈகிள்ஸ் இப்போது பக்கத்திலேயே லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்டில் ஆடுகிறது. அதன் வெளியே 2018 செப்டம்பரில் ஃபில்லி ஸ்பெஷலுக்கு ஒரு சிலை திறந்தார்கள். ஃபோல்ஸ் பந்தைப் பிடிக்கிற காட்சி என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஓரத்தில் நின்று ஃபோல்ஸ் கேட்கிறார், பீடர்சன் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிலையில் யாரும் ஆடவில்லை. இரண்டு ஸ்டெப்னிகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.